பலூனில் இருந்து குதித்தால் பாராசூட்டை எப்போது திறப்பது? முழுமையான வழிகாட்டி

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். உயரம் 5,000 அடி. பைலட் பர்னரை நிறுத்தியதும் கீழே ஏதோ ஒரு வீட்டு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்கிறது. பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் கூடைக்குள் சட்டைக் காலர்கூட அசையாது. விமானக் கதவின் இரைச்சலுக்குப் பழகியவருக்கு இந்த அமைதி பெரிய சுகம். ஆனால் பாராசூட்டைத் திறப்பது எதிர்காற்று. அது இங்கே துளியும் இல்லை. கூடையின் விளிம்பை விட்ட பிறகு, விழுந்துதான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

ஸ்கைடைவிங் உரிமம் வாங்கி, விமானத்தில் இருந்து குதித்துப் பழகி, முதல் தடவையாக பலூனில் இருந்தோ அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரில் இருந்தோ குதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்த கையோடு கூடையில் ஏறிவிட வேண்டாம். பலூன் ஜம்ப் செய்த அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரோடு உட்கார்ந்து, உங்கள் கருவியையும் உங்கள் உரிம நிலையையும் வைத்து ஒவ்வொரு எண்ணையும் சரிபாருங்கள்.

முதலில் கணக்கு

விமானத்தை விட்டு வெளியே வரும் அந்த நொடியிலேயே, விமானத்தின் வேகத்தைப் பொறுத்து, மணிக்கு 130 முதல் 165 கிலோமீட்டர் வரை எதிர்காற்று உங்கள் மேல் அடிக்கிறது. அதனால்தான் முதல் நிலையான ஏ உரிமத்துக்கு முன் செய்யும் ஹாப் அண்ட் பாப் ஜம்ப்பில் (குதித்ததும் உடனே திறக்கும் ஜம்ப்), வெளியேறிய ஐந்து வினாடிக்குள் பைலட் சூட்டை, அதாவது பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னக் குடையை, வீசச் சொல்கிறார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் காற்று கதவிலேயே காத்திருக்கிறது.

பலூனில் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்குகிறோம். வயிறு தரையைப் பார்க்க விழுபவரின் முழு வேகத்தை மணிக்கு 195 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

2 வினாடி: மணிக்கு 68 கி.மீ., இழந்த உயரம் 60 அடி
3 வினாடி: 96 கி.மீ., 140 அடி
5 வினாடி: 140 கி.மீ., 360 அடி
8 வினாடி: 174 கி.மீ., 800 அடி
10 வினாடி: 184 கி.மீ., 1,130 அடி
12 வினாடி: 189 கி.மீ., 1,480 அடி

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். அந்தக் கணக்கில், முழு வேகத்தில் உங்கள் பைலட் சூட் இழுக்கும் விசையில் எட்டில் ஒரு பங்குதான் 2 வினாடியில் கிடைக்கும். 3 வினாடியில் கால் பங்கு, 5 வினாடியில் பாதி, 8 வினாடியில் ஐந்தில் நான்கு பங்கு. முதுகில் இருக்கும் கன்டெய்னரை மூடி வைத்திருக்கும் பின்னை (ஊசியை) பிடுங்கி, பாராசூட்டை மடித்து வைத்த உட்பையைத் தூக்கி, கயிறுகளை விறைப்பாக நிமிர்த்துவது இந்த விசைதான். கை எவ்வளவு வேகமாக வீசினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

விமானத்தில் ஹாப் அண்ட் பாப் செய்யும்போது கதவிலேயே கிடைக்கும் காற்று, பலூனில் சுமார் ஐந்து முதல் ஏழு வினாடியில்தான் வந்து சேர்கிறது. எனவே முதல் பலூன் ஜம்ப்புக்கு 10 வினாடி என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். அனுபவம் வந்த பிறகு ஏழு, எட்டு என்று குறைப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவையில் குறைப்பதற்குக் காரணமே கிடையாது.

பாலத்தில் இருந்தும் பாறையில் இருந்தும் குதிக்கும் பேஸ் ஜம்பர்கள் இரண்டு மூன்று வினாடியில் திறக்கிறார்களே என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பெரைன் பாலம் 486 அடிதான், அங்கே காத்திருக்க நேரமே இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது 36 முதல் 48 அங்குலம் வரையிலான பெரிய பைலட் சூட். ஸ்கைடைவிங்கில் நாம் வைத்திருப்பது பெரும்பாலும் 30 அங்குலத்தைச் சுற்றித்தான். அவர்களுடைய கன்டெய்னரும் மடிப்பு முறையும் குறைந்த வேகத்துக்கென்றே அமைந்தவை. அந்த வினாடிக் கணக்கை நம் கருவிக்குக் கொண்டுவரக் கூடாது.

அவசரப்பட்ட குடை என்ன செய்யும்

1959 நவம்பர் 16. அமெரிக்க விமானப்படையின் ஜோ கிட்டிங்கர், எக்செல்சியர் என்ற ஆய்வுத் திட்டத்தில் 76,400 அடி உயரத்தில் பலூன் கூடையில் இருந்து குதித்தார். உடலை நிலைப்படுத்த ஒரு சின்னப் பாராசூட் 16 வினாடி கழித்து வெளிவர வேண்டும். டைமர் முன்கூட்டியே இயங்கிவிட்டதால் இரண்டரை வினாடியிலேயே அது வெளியே வந்துவிட்டது. இழுத்துப் பிடிக்கக் காற்று இல்லை. துணி மேலே போய் நிமிராமல் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவர் சுழன்று சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் அவசரப் பாராசூட்தான் அவரைக் காப்பாற்றியது.

அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியது, நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் கோளாறின் வகை ஒன்றேதான். போதுமான காற்று இல்லாமல் வெளியே வந்த துணி உங்கள் பக்கத்திலேயே மிதக்கும். நீங்கள் புரண்டுகொண்டிருந்தால் பிரைடில் (பைலட் சூட்டைப் பாராசூட்டோடு இணைக்கும் நாடா) காலிலோ கையிலோ சுற்றலாம். சுற்றிவிட்டால் பிறகு எவ்வளவு காற்று வந்தாலும் அது சரியாக இழுக்காது.

உயரத்தைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள்

எப்போது திறப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை தரையில் இருக்கிறது. வினாடிகள் வேண்டுமென்றால் உயரம் வேண்டும், அதைக் கூடையில் ஏறும் முன்பே பைலட்டிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம். நீங்கள் பி உரிமம் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி கன்டெய்னர் 2,500 அடிக்குக் கீழே திறக்கக் கூடாது. மெயின் பாராசூட்டை நம்புவதா, ரிசர்வ் என்ற இரண்டாவது, அவசரப் பாராசூட்டுக்குப் போவதா என்ற முடிவை 1,800 அடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஏ உரிமக்காரர்களுக்கு இதே எண்கள் 3,000, 2,500. இப்போது 4,000 அடியில் குதித்து 10 வினாடி காத்தால், வீசும்போது 2,870 அடி. கேனப்பி (பாராசூட்டின் துணிக்குடை) முழுதாக விரிய இன்னும் 800 அடி ஆகும் என்று வைத்தால் 2,070 அடி வந்துவிடுகிறது. முடிவு உயரத்துக்கு மேலே 270 அடிதான் மிச்சம். சின்னத் தயக்கத்துக்குக்கூட அதில் இடமில்லை. அதையே 5,000 அடியில் செய்தால் வீசும்போது 3,870, விரிந்து முடியும்போது 3,000 அடிக்குக் கொஞ்சம் மேலே. இப்போது மூச்சு விடலாம்.

ஆகவே முதல் ஜம்ப்புக்கு 5,000 அடிக்குக் கீழே போகாதீர்கள். அன்று மேகம் தாழ்வாக இருந்து பைலட் 3,500 தான் முடியும் என்றால், அப்படியே அவரோடு பலூனில் இறங்கிவிடுங்கள். காத்திருக்கும் வினாடிகளைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள்.

கருவியில் பார்க்க வேண்டியவை

முழு வேகத்தில் மன்னிக்கப்படும் சின்னப் பிழைகள் குறைந்த வேகத்தில் மன்னிக்கப்படுவதில்லை. மடிக்கும் வகைப் பைலட் சூட் என்றால், அது விரியும் நிலைக்கு இழுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பிரைடிலில் உள்ள சின்ன ஜன்னலில் கயிற்றின் நிறத்தைப் பாருங்கள். நிறம் தெரியவில்லை என்றால் குடை சுருங்கிய நிலையிலேயே வெளியே போகும், பின்னைப் பிடுங்கும் விசை வராது. பைலட் சூட் வைக்கும் பை அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கக் கூடாது, தளர்ந்து தொங்கவும் கூடாது. பின் வளையாமல் வழுக்கலாக இருக்க வேண்டும். கன்டெய்னரை மூடும் கயிற்று வளையம் நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஏ.ஏ.டி., அதாவது ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைப்ரஸ் கருவியின் எக்ஸ்பர்ட் வகை, தொழிற்சாலை அமைப்பில், சுமார் 750 அடியில் வினாடிக்கு 35 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் நீங்கள் விழுந்துகொண்டிருந்தால்தான் ரிசர்வைத் திறக்கும். பலூனில் இருந்து குதித்து அந்த வேகத்தைத் தொடவே நான்கு வினாடிக்கு மேல் ஆகிறது. அதே காரணத்தால், கேனப்பி கோளாறாகி 'கட்டவே' (cutaway) செய்தால், அதாவது கேனப்பியைக் கழற்றிவிட்டால், உங்கள் வேகம் மறுபடி குறைந்த இடத்தில் இருந்துதான் ஏறும். கருவி பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமே வரக் கூடாது. கட்டவே கைப்பிடிக்கு அடுத்து ரிசர்வ் கைப்பிடி, இடைவெளி இல்லாமல்.

இன்னொன்று: ஏ.ஏ.டி. தரையின் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறது. பலூன்காரர்கள் காற்றைப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் வண்டியில் வேறு வயலுக்குப் போவது சாதாரணம். கருவியைக் கிளம்பும் வயலில், கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆன் செய்யுங்கள். வீட்டில் ஆன் செய்து கொண்டுவராதீர்கள். இறங்கப்போகும் இடம் மேடா பள்ளமா என்பதையும் பைலட்டிடம் கேட்டு, ஆல்டிமீட்டரில் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடையை விட்டு வெளியே வருவது

பிரம்புக் கூடையின் விளிம்பு பாராசூட்டுக்குப் பெரிய எதிரி. முதுகைத் தேய்த்தபடி விளிம்பில் ஏறினால், இடுப்புக்குக் கீழே இருக்கும் பைலட் சூட் கைப்பிடி பிரம்பில் மாட்டி வெளியே வந்துவிடலாம். கூடையிலேயே பாராசூட் பிரிந்தால் ஆபத்து உங்களோடு முடியாது, பலூனில் இருக்கும் எல்லோரையும் பாதிக்கும். ஆகவே முதுகை விளிம்பில் படவிடாமல், ஒரு காலை முதலில் வெளியே எடுத்து, மெதுவாகத் தாண்டுங்கள். தாண்டும் முன் ஒருவர் உங்கள் பின்னையும் கைப்பிடிகளையும் பார்க்கட்டும். வெளியே நின்ற பிறகு நீங்களே ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.

பைலட் தலையசைக்கும் வரை போகாதீர்கள். கருவியோடு 90 கிலோ இருக்கும் ஒருவர் போய்விட்டால் பலூன் மேலே துள்ளும். அதற்கு ஈடாக அவர் முன்கூட்டியே பலூனை மெல்ல இறங்கவிட்டிருப்பார். அவருடைய அந்தக் கணக்கு முடிந்ததும்தான் உங்கள் முறை.

இப்போது உடல். விமானத்தில் காற்று முன்பக்கத்தில் இருந்து வரும், அதற்கு மார்பைக் காட்டிப் பழகியிருப்பீர்கள். பலூனில் காற்று வந்தால் நேர் கீழே இருந்துதான் வரும். எம்பிக் குதிக்காதீர்கள். உதைத்துத் தள்ளும்போது உடலுக்கு ஏற்படும் சுழற்சியை நிறுத்த முதல் மூன்று வினாடிகளில் காற்று கிடையாது. அரை குட்டிக்கரணமாகத் தொடங்கியது அப்படியே தொடரும். படிக்கட்டில் இருந்து கால் வைப்பது போல, தலை நிமிர்ந்து, இடுப்பை முன்னே தள்ளி, மெதுவாக அடி எடுத்து விலகுங்கள். கால் கொஞ்சம் கீழே, மார்பு மேலே என்ற நிலை நல்லது. காற்று வர வர, வளைந்த உடல் தானாக வயிறு கீழாகப் படுக்கும்.

ஒருவேளை தலை கீழாகச் சாய்ந்துவிட்டால், கைகால்களை வீசிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிடிக்கக் காற்று இல்லாத இடத்தில் வீசிய கை சுழற்சியைத்தான் கூட்டும். வளைவைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நான்கு, ஐந்தாம் வினாடியில் காற்று வந்து உங்களைத் திருப்பும்.

எண்ணுங்கள், கேளுங்கள்

என் முதல் பலூன் ஜம்ப்பில் இரண்டாவது வினாடியிலேயே கை தானாகப் பின்னால் போய்விட்டது. வயிறு தொண்டைக்கு ஏறுகிறது, காதில் சத்தமே இல்லை, உடையும் படபடக்கவில்லை. ஏதோ தவறு நடக்கிறது, இப்போதே திறந்துவிடு என்று உடல் சொல்கிறது. கைப்பிடியைத் தொட்ட பிறகுதான், முந்தின நாள் பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்தது: "சத்தம் வரட்டும், அப்புறம் கை போகட்டும்." கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சத்தம்தான் சிறந்த வேகமானி. முதல் இரண்டு வினாடி ஏறத்தாழ மௌனம். மூன்றாவதில் காதோரம் ஊதுவது போல ஒரு மெல்லிய ஒலி, கையின் துணி லேசாக நடுங்கும். ஐந்தில் பைக்கில் வேகமாகப் போவது போன்ற இரைச்சல். எட்டில் உடை முழுதும் படபடக்கும், உள்ளங்கையை லேசாகத் திருப்பினால் உடல் திரும்பும். உள்ளங்கைக்கு உடல் கட்டுப்படுகிறது என்றால் பைலட் சூட்டுக்கும் காற்று இருக்கிறது.

சத்தத்தோடு எண்ணிக்கையும் ஓட வேண்டும். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். பதற்றத்தில் எண்ணிக்கை ஓடிவிடும், பத்து எண்ணி முடிக்கும்போது ஆறு வினாடிதான் ஆகியிருக்கும். வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பழகுங்கள். ஐந்தாவது எண்ணில் ஒரு பார்வை ஆல்டிமீட்டருக்கு. அதற்கு முன் பார்த்தால் முள் நகர்ந்ததே தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. தீர்மானித்த உயரம் வந்துவிட்டால் திறந்துவிடுங்கள். எண்ணிக்கை முடியாவிட்டாலும் சரி, உடல் நிலைகொள்ளாவிட்டாலும் சரி. காத்திருப்பது நல்ல திறப்புக்காக. உயரத்தைக் காலி செய்தால் அந்தக் காத்திருப்புக்கே அர்த்தமில்லை.

வீசிய பிறகு

தோள்கள் இரண்டும் ஒரே மட்டம், கால்கள் சமம். பைலட் சூட்டை முழுக் கையையும் நீட்டிப் பக்கவாட்டில் வீசி உடனே விடுங்கள். முதுகுக்குப் பின்னால் காற்றுச் சுழலும் வெற்றிடத்தில் அதைப் போடாதீர்கள்.

முழு வேகத்தில் பழகியவருக்கு இந்தத் திறப்பு வித்தியாசமாகத் தெரியும். பட்டென்ற உலுக்கல் இருக்காது. மெல்லத் தூக்குவது போல இருக்கும், கேனப்பி தலைக்கு மேல் கொஞ்ச நேரம் குறுகலாக நின்று பிறகு மலரும். இதைக் கோளாறு என்று நினைத்துக் கட்டவே கைப்பிடிக்குப் போனவர்கள் உண்டு. முடிவு உயரத்துக்கு மேலே இருக்கும்வரை ஸ்லைடரை (கயிறுகள் வழியே இறங்கி, விரிப்பை மெதுவாக்கும் துணியை) பாருங்கள், அது இறங்கிக்கொண்டிருந்தால் பொறுங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? இரண்டு எண்ணுங்கள், தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள். அந்தத் திரும்பலே பின்னால் உள்ள காற்றை மாற்றி, தயங்கி நின்ற பைலட் சூட்டைப் பல நேரம் எழுப்பிவிடும். அதற்கும் அசையாவிட்டால் அவசர நடைமுறைதான். பைலட் சூட் வெளியே போய்க் கன்டெய்னர் திறக்காத நிலையில், கட்டவே செய்துவிட்டு ரிசர்வா, நேராக ரிசர்வா என்பதில் இரண்டு விதமான கருத்துகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்பதைப் பயிற்சியாளரோடு பேசி, தரையில் பத்து முறை செய்து காட்டிவிட்டு ஏறுங்கள்.

ஒருவருக்கு மேல் குதித்தால்

விமானம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பதால் அடுத்தடுத்துக் குதிப்பவர்களுக்கு நடுவே கிடைமட்ட இடைவெளி தானாக வந்துவிடும். பலூனில் அது வராது. பலூனும் விழுபவரும் ஒரே காற்றில் இருக்கிறார்கள், எனவே இரண்டாமவர் முதலாமவருக்கு நேர் மேலே விழுவார். கீழே இருப்பவர் திறக்கும்போது மேலே இருப்பவர் முழு வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதலாமவரின் கேனப்பி விரிந்து, அவர் பக்கவாட்டில் நன்றாக விலகிப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவர் போக வேண்டும். வினாடி எண்ணி அனுப்பும் பழக்கம் இங்கே உதவாது.

முதல் தடவை தனியாகவே போங்கள். இரண்டு பேர் சேர்ந்து குதித்தால், ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் பறக்கவும் காற்று வேண்டும், அது முதல் வினாடிகளில் இருக்காது.

ஹெலிகாப்டர் என்றால்

அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கும் மேலே சொன்ன வினாடிக் கணக்கே பொருந்தும். கொஞ்சம் முன்னே நகர்ந்துகொண்டிருந்தால் அந்த வேகம் உங்களுக்கு லாபம், ஆனாலும் கணக்கைக் குறைக்காதீர்கள். ரோட்டரின் கீழ்க்காற்று முகத்தில் அடிப்பதை எதிர்காற்று என்று நினைத்துவிடக் கூடாது, அது சில அடிகளில் முடிந்துவிடும். மேலே எம்பவே கூடாது, ரோட்டர் அங்கேதான் இருக்கிறது. சறுக்குக்கட்டையில் இருந்து மெதுவாக விலகி நேராக விழுங்கள்.

தரையில் இறங்கியதும்

பாராசூட்டைச் சுருட்டும் முன்பே பதிவேட்டை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள்: குதித்த உயரம், வீசிய உயரம், கேனப்பி முழுதாக விரிந்தபோது ஆல்டிமீட்டர் காட்டிய உயரம். குதிப்பை நினைவில் வைத்து உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் இருந்தால் விழுந்த வினாடிகளையும் அதிலிருந்து எடுத்து, நீங்கள் எண்ணியதோடு ஒப்பிடுங்கள். வீசியதற்கும் விரிந்ததற்கும் நடுவே உங்கள் கேனப்பி உண்மையில் எத்தனை அடி எடுத்தது என்பது தெரிந்துவிடும். நான் மேலே போட்ட 800 என்ற எண்ணை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பைலட்டிடம் உயரம் கேட்கும்போது அந்த எண்ணை வைத்துக் கேளுங்கள்.